களுத்துறைக் கடலோரத்தில் ஒரு தம்பதியர்

மேனாட்டுச் செல்வர் பனிக்காலந்தோறும் வெப்பமான கடற்கரைகளை நாடுவது வழக்கம். ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரும் கணவர் சார்ள்ஸ் ஹே கேமரனும் 1875இல் வைட் தீவை நீங்கிக் களுத்துறைக் கடலோரத்தை அடைந்ததோ, ஒரு பருவத்திற்காக அன்று, எஞ்சிய ஆயுளுக்காக. அப்போது கணவருக்கு அகவை எண்பது. கோல்புறூக்குடன் இலங்கைக்கு ஆணையாளராய் வந்து, 1833ஆம் ஆண்டின் நீதித்துறைச் சீர்திருத்தத்திற்கு வழிகோலியவர் அவரே. அந்நாள் முதல் இம்மண்மீது அவருக்குத் தீராத காதல். இலைநோயால் நலிந்துகொண்டிருந்த கோப்பித் தோட்டங்களும் அவரை இழுத்தன. இறுதிக்கு உதவுமெனச் சவப்பெட்டிகளையும் உடன் கொணர்ந்தனராம். அவற்றுள்ளே பீங்கானும் கண்ணாடியும்!

அம்மையார் நாற்பத்தெட்டாம் வயதில் மகளளித்த கமராவைக் கையேற்று, டெனிசனையும் டார்வினையும் படமெடுத்துப் புகழ் பெற்றவர். ஈண்டு அவர் கமராமுன் நின்றவர் உள்ளூர்க் குடிகளும் தோட்டத் தொழிலாளருமே. ஆங்கிலப் புலவரின் படத்தில் பெயர் நிலைத்தது. இவர்களுட் பலருக்குப் பெயரில்லை. தோட்டங்களுக்கு வந்த தமிழரிற் பெருந்தொகையினர் மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாய் வந்தவர். வாந்திபேதிக்கு வழியிலேயே இரையானோர் எத்தனையோ பேர். மாத்தளை வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இலங்கையில் அம்மையார் எடுத்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. 1879 சனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் மறைந்தார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். இருவரும் கடலுக்கு வெகுதொலைவில், பொகவந்தலாவைத் தேவாலய வளவில் துயில்கின்றனர்.