குளம் வெட்டிய கடைசி மன்னன்

தோட்டங்களிலிருந்து கண்டிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் குளக்கரையில் சிறிது நேரமாவது நின்று பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தக் குளத்தை வெட்டுவித்தவன் யார், அவனுக்கு நேர்ந்த முடிவு என்ன என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

அவனே கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்து மன்னர் நால்வருள் இறுதியானவன். 1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையின்றி இறக்கவே, முதல் அதிகாரான பிலிமத்தலாவை பதினெட்டு வயது இளைஞனான இவனை அரியணையில் ஏற்றினார். இளைஞனைப் பெயருக்கு இருத்திவிட்டுத் தாமே ஆளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அது பலிக்கவில்லை. பிற்காலத்தில் அவரே சதிக் குற்றத்திற்காக மரண தண்டனை அடைந்தார். 1803இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையும் நிலைக்க முடியாமல் அழிந்தது.

நகரை அழகுபடுத்துவதில் மன்னனுக்குத் தீராத ஆசை இருந்தது. தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பாசாரி அவனுக்கு வாய்த்தார். தலதா மாளிகையின் முகப்பில் எட்டுக் கோணமாக எழும் பத்திரிப்புவ மண்டபம் அவருடைய கைவண்ணம். மன்னன் அதிலிருந்தே மக்களுக்குக் காட்சி கொடுப்பான். 1783இல் முன்னவன் தொடங்கிய மரத்தூண் அரசவை மண்டபமும் இவன் காலத்திலேயே நிறைவுற்றது. வயல்வெளியாகக் கிடந்த பள்ளத்தை அணைகட்டிக் குளமாக்கினான். நடுவில் ஒரு தீவு. கரையோரம் மேகத்திரளைப் போல் வளைந்தோடும் மதில். அந்த மதில் இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கிறது.

ஏன் முற்றுப்பெறவில்லை? இவ்வேலைகளுக்கெல்லாம் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பெயரால் குடிமக்கள் அழைக்கப்பட்டனர். வயலை விட்டு வந்து, கூலியின்றி மண் சுமந்தனர். குளம் நிறைந்தது, குடிகளின் மனம் கசந்தது. பிரதானிகளும் விலகினர். 1814இல் எஹலப்பொல அதிகார் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தபோது, மன்னன் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்வித்தான். அந்தப் பழி அவனை விடவில்லை. அடுத்த ஆண்டு ஆங்கிலப் படை வந்தபோது மன்னனைக் காக்க ஆளில்லை. 1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரப் பகுதியில் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள், அவன் நிறைவு செய்த அதே அரசவை மண்டபத்தில் நாடு ஆங்கிலேயருக்குக் கையளிக்கப்பட்டது. தீவு மண்டபம் அவர்களுக்கு வெடிமருந்துக் களஞ்சியமாயிற்று.

மன்னனும் உறவினரும் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். 1832 ஜனவரி 30ஆம் நாள் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனது சமாதி இருக்கிறது. அவன் வீற்றிருந்த சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

தமிழகத்தோடு உறவுள்ள மன்னன் கைதியாகத் தமிழகம் போனான். அவனை வென்றவர்களின் கோப்பித் தோட்டங்களுக்குச் சில ஆண்டுகளிலேயே நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கூலிகளாக வரத் தொடங்கினர். குளத்திற்கு மண் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. காடழித்துப் பாதை வெட்டிய நம் முன்னோரின் பெயர்களும் அப்படியே. அடுத்த முறை குளக்கரையில் நிற்கும்போது, வெட்டுவித்தவனோடு வெட்டியவர்களையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள். ஒரு நகரின் அழகு அவர்களுடைய வியர்வையும்தான்.