கோணம் அளந்த கர்னல் லாம்டன்

சீயமங்கலத்துப் பாறைமேலேனும் செஞ்சிக் கோட்டையின் உச்சியிலேனும் ஏறி நிற்பார்க்குக் குன்றுக்கு அப்பால் குன்றாய் விரியும் காட்சி இனிதே தோன்றும். எதிர்த்தோன்றும் குன்று எத்தனை மைல் தூரத்தது என்பதை அங்கு நடந்து செல்லாமலே சில அடிப் பிழையும் நேராவண்ணம் கூறல் இயலும். இவ்வருஞ் செயலை நம் தென்னாட்டில் முதன்முதற் பெரிய அளவிற் செய்து முடித்தவர் கர்னல் வில்லியம் லாம்டன் என்பார். அவர்தம் வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவதே எம் கருத்து.

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயர் நாட்டில் எளிய குடியிற் பிறந்தார். 33-ம் படைப்பிரிவிற் சேர்ந்து அமெரிக்கப் போரிற் சென்று, 1781-ல் யார்க்டவுனிற் சிறைப்பட்டார். பின்னர் இந்தியா போந்து, 1799-ல் திப்பு சுல்தானோடு நிகழ்ந்த போரிற் கலந்தார். அப்போரில் ஓரிரவு, தம் படை வழிதவறி வடதிசை நோக்கிப் பகைவர் பாசறைக்கே நேரே செல்கின்றது என்பதை விண்மீன்களைக் கண்டு அறிந்து தலைவர்க்கு உரைத்தார் என்ப. வானைப் பார்த்து மண்ணின் நிலையை அறியும் அக்கண்ணே பிற்காலத்து அவர்க்குப் பெருமை தந்தது.

போர் முடிந்தபின், தென்னாட்டை முக்கோணங்களாக வகுத்து அளக்க வேண்டும் என அவர் அரசினர்க்கு எழுதினார். 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ம் நாள் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் அளவுள்ள அடிக்கோட்டை நூறடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கி, மே 22-ல் முடித்தார். ஒரு பக்கம் இவ்வாறு அளக்கப்படின், எஞ்சிய பக்கங்களைச் சங்கிலியின்றிக் கோணங்களாலேயே கணித்துக் கொள்ளலாம். ஆதலின் கோணமே அவர்க்கு உயிர். முப்பது மைல் தூரத்துக் குன்றை நோக்கும்போது ஒரு விகலை பிழைப்பின், அங்கு ஏறக்குறைய ஒன்பது அங்குலம் பிழைபடும். முக்கோணத்தின்மேல் முக்கோணம் அடுக்க அப்பிழையும் பெருகும்.

இக்கோணங்களை அளத்தற்கு ஏறத்தாழ அரை டன் நிறையுள்ள தியோடலைட் என்னும் கருவி இங்கிலாந்திலிருந்து வந்தது. வழியிற் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றி மொரீஷியஸ் தீவிற்குக் கொண்டு சென்றனர். எனினும் அது கலைக்குரிய கருவி என்பதை உணர்ந்து சென்னைக்கு அனுப்பி உதவினர். போரினிடையேயும் கல்விக்கு மதிப்பளித்த அச்செயல் போற்றற்குரியது.

ஈண்டு அக்காலத்து எழுந்த ஒரு வேற்றுமையைக் குறித்தல் வேண்டும். வட்டத்தை 360 பாகையாகவும், பாகையை 60 கலையாகவும், கலையை 60 விகலையாகவும் பகுத்தல் நம் பஞ்சாங்கங்களும் கைக்கொண்ட பழைய முறை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அறிஞரோ வட்டத்தை 400 ஆகப் பகுத்து, அப்பகுதியை மீண்டும் நூறாக்கினர். அவ்வாறு செய்யின் நிலவுலகின்மேல் அந்நூறில் ஒரு கூறு ஒரு கிலோமீட்டர் ஆகும். பழைய கலையோ ஒரு கடல்மைல் ஆகும். இரண்டும் பொருந்திய முறைகளே. லாம்டன் பழைய முறையையே பின்பற்றினார். அவர் கருவியின் வட்டமும் வானநூல் அட்டவணைகளும் அம்முறையிலேயே அமைந்திருந்தன. செஞ்சிக்குத் தென்கிழக்கே, கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து சென்னைக்கு வடக்கே வரை அவர் முதலில் அளந்த வில்லின் அளவு 1 பாகை 34 கலை 56 விகலைக்குச் சற்று மிகுதி.

1808-ல் தஞ்சைக் கோயிற் கோபுரத்தின்மேல் அக்கருவியை ஏற்றுங்கால், கயிறு அற்று, கருவி சுவரில் மோதி வட்டம் கோணிற்று. பயனற்றது எனப் பிறர் கைவிட்ட அதனை லாம்டன் ஆறு வாரம் ஓயாது உழைத்து மெல்ல மெல்லப் பழைய வடிவிற்குக் கொணர்ந்தார். கோடுகள் கோணிய வட்டத்தில் எம்முறையால் எண்ணினும் பயனில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அவர் போர்வீரர் ஆதலின் மற்றொன்றும் கூறுவோம். இன்று துப்பாக்கியின்மேற் பொருத்தும் தொலைநோக்கியிலும் இத்தகைய இருமுறை வழக்கு உண்டு. ஒன்று நம் கலை. அது நூறு கஜத்தில் ஓர் அங்குலத்திற்குச் சிறிது மிகும். மற்றொன்று மில், அது நூறு மீட்டரில் பத்துச் சென்டிமீட்டர். தூரத்தைக் கஜத்திலும் அங்குலத்திலும் எண்ணிப் பழகினார்க்கு முன்னதும், மீட்டரில் எண்ணுவார்க்குப் பின்னதும் எளிது. நுட்பத்தில் ஒன்று மற்றொன்றிற்கு இளைத்ததன்று. ஆனால் கண்ணாடியிற் கீறல் மில்லாகவும் திருகு கலையாகவும் இருந்து, எய்வான் ஒன்றை மற்றொன்றாக மயங்கின், 500 மீட்டரில் ஒரு மில்லுக்கு 35 சென்டிமீட்டர் குறி தப்பும். ஆகவே எம்முறை சிறந்தது என்று வாதிடுவதினும், கருவி, கணக்கு, கை ஆகிய மூன்றும் ஒரே முறையில் நிற்கச் செய்வதே அறிவுடைமை.

லாம்டன் அவ்வாறே நின்றார். கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து வடக்கே சென்ற அவர்தம் அளவை, பின்னர் எவரெஸ்ட் என்பாரால் இமயம் வரை நீண்டது. லாம்டனோ 1823-ம் ஆண்டு ஜனவரி 20-ம் நாள், முதுமையிலும் பணி விடாது வடக்கே செல்லுங்கால், ஹிங்கன்காட் என்னும் ஊரில் உயிர் துறந்தார். அங்கேயே அவர் கல்லறை உள்ளது. எவரெஸ்டின் பெயர் மலைமேல் நிலைத்தது. லாம்டனின் பெயரை அறிவார் சிலரே.

நண்பர்காள்! நாம் தமிழ் பயில்வோர். முக்கோணங்கள் நமக்கு அயலாகலாம். எனினும் ஓர் அளவைக் கொண்டு அதினின்று வழுவாமல் இருபதாண்டு உழைத்த ஒருவர் நம் திருவந்திபுரத்திலும் தஞ்சையிலும் நடமாடினார் என்பதை மறவாதிருப்போமாக.