ஸர் ஆர்தர் காட்டனும் சிந்தாதிரிப்பேட்டை இருப்புப்பாதையும்

தஞ்சை ஜில்லாவின் நெல்வயல்களை நோக்குந்தோறும் நாம் கரிகாற் சோழனை நினைக்கிறோம். அவனுக்குப் பன்னூறாண்டுகள் பின்வந்து, கல்லணையைத் தமக்கு ஆசிரியனாகக் கொண்ட ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கில எஞ்சினீயரை நினைப்போர் சிலரே. இத்தேயத்தில் முதன்முதல் இருப்புப்பாதை அமைத்தவரும் அவரே. பின்னாளில் இருப்புப்பாதைகளை முழு மூச்சுடன் எதிர்த்து நின்றவரும் அவரே.

காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி பிறந்தார். ஆடிஸ்கோம் இராணுவப் பாடசாலையிற் பயின்று 1821-ல் சென்னை வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் காவிரியின் நிலையை ஆராயும் வேலை அவரிடம் வந்தது. திருவரங்கத்திற்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. கொள்ளிடம் தாழ்ந்து நேரே ஓடுவதால் வெள்ளம் அதன் வழியே சென்று கடலில் வீணாயிற்று. காவிரியோ மணல் மேடிட்டு வந்தது. ஆண்டுதோறும் மணல் வாரியும் பயன் சிறிதே. நெகிழ்ந்த மணலின்மீதே அணை நிற்கக்கூடும் என்பதற்குக் கல்லணையே சான்றாக இருந்தது. அத்துணிவினால் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தார். அதன்பின் காவிரியில் நீர் மிகுந்து படுகை அரிக்கத் தொடங்கவே, 1845-ல் அதன் தலைப்பிலும் ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப நேர்ந்தது. ஆற்றை ஒரு பக்கம் தடுத்தால் மறுபக்கமும் கவனிக்கவேண்டுமன்றோ!

கொள்ளிடத்தில் அணைகள் எழுந்த அதே 1836-ல், சென்னைச் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு சிறு இருப்புப்பாதை போடப்பட்டது. ஊருக்கு ஊர் செல்வதற்கன்று. கண்டறிந்து கொள்வதற்கே அது அமைந்தது. வீட்டுக் கூடத்தில் சிறு தண்டவாளம் பரப்பிப் பொம்மை வண்டி ஓட்டும் நம் மாணவர் சிலர் இதன் பயனை எளிதில் உணர்வர். மட்டம் பிசகாத தண்டவாளத்தில் உருளும் சக்கரத்திற்கு உராய்வு மிகக் குறைவு. மண்சாலையில் பல மாடுகள் இழுக்கும் பாரத்தை அங்கே ஒரு மாடே இழுத்துவிடும். இவ்வுண்மையைச் சொல்லால் விளக்குவதினும் காட்டி விளக்குவது நன்று. மறு ஆண்டில் செங்குன்றத்தினின்று சாலைகளுக்குச் செம்புறைக் கல் கொண்டுவரும் பாதையாக அம்முயற்சி வளர்ந்தது. நீராவி யந்திரமும் அதிற் சோதிக்கப்பட்டது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே பிரயாணிகள் வண்டி ஓடிய 1853-க்கு இது பதினாறாண்டுகள் முந்தியது.

இங்ஙனம் வழிகாட்டியவர் ஏன் மாறினார்? 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரிக்கு அணை கட்டி, கால்வாய்களில் படகு செல்வதைக் கண்டவர் அவர். ஒரே கால்வாய் பயிரையும் வளர்க்கும், பாரத்தையும் சுமக்கும். அதிக மூலதனம் விழுங்கும் இருப்புப்பாதை பாரத்தை மட்டுமே சுமக்கும் என்பது அவர் வாதம். 1854-ல் வெளியிட்ட நூலிலும் இதனையே வற்புறுத்தினார். 1878-ல் பாராளுமன்றக் கமிட்டியின்முன் தம் எழுபத்தைந்தாம் வயதிலும் வாதாடினார், கமிட்டி ஏற்கவில்லை. பஞ்சத்தைத் தடுக்க முதலில் வேண்டுவது நீரே என்றதில் அவர் பக்கம் நியாயம் பெரிது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் ஆண்டிற் சில மாதம் வறண்டு கிடக்கும் காவிரி வாய்க்கால்களில் படகு எங்ஙனம் ஓடும்? கோதாவரியின் அளவுகோலால் எல்லா நதிகளையும் அளந்தது அவர் குறை.

அவர் விரும்பாத இருப்புப்பாதை அவர் வளப்படுத்திய நாட்டிற்கே வந்தது. நாகப்பட்டினத்தினின்று தஞ்சைக்கு 1861-ல் வண்டி ஓடலாயிற்று. அவர் ஸர் பட்டம் பெற்றதும் அவ்வாண்டிலேயே. அவ்வண்டிகள் ஏற்றிச்சென்ற நெல், அவருடைய அணைகள் திருப்பிய நீரை உண்டு விளைந்த நெல்.

1899 ஜூலை 24-ல், தொண்ணூற்றாறாம் வயதில், காட்டன் இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரிற் காலமானார். முக்கொம்பு மேலணை அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நின்றது. 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, கொள்ளிடத்து வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் சரிந்து போயின. அதன் அருகே புதிய அணை ஒன்று பின்னர் கட்டப்பட்டது.