எம்.ஜி.ஆரும் பக்கவாதமும்: நம் வீடுகளுக்கு ஒரு பாடம்

எம்.ஜி.ஆரை அறியாத தமிழ் வீடு இல்லை. அவருடைய சினிமாவும் அரசியலும் எல்லோருக்கும் தெரியும். அவர் பக்கவாதத்தோடு போராடிய கடைசி மூன்று ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வறுமையால் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் சினிமாவுக்கு வந்தார். 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் குரல் மாறிப்போனது. அந்தக் குரலோடே நடித்தார், மேடையேறினார், 1977-ல் முதலமைச்சரும் ஆனார். சத்துணவுத் திட்டத்தை 1982-ல் தொடங்கினார்.

திரையில் புகைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்தவர், உடற்பயிற்சியில் அக்கறை கொண்டவர். ஆனாலும் சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது. 1984 அக்டோபர் 5 அன்று சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் தனி விமானத்தில் அமெரிக்கா கொண்டு செல்லப்பட்டு, நியூயார்க்கின் புரூக்ளினில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பெற்றார். மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியில் வென்று, 1985 பிப்ரவரியில் திரும்பி மீண்டும் முதல்வரானார். ஆனால் பேச்சு பழைய நிலைக்கு வரவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று, 70 வயதில் காலமானார்.

ரத்த உறைவால் வரும் பக்கவாதத்துக்கு, அந்த உறைவைக் கரைக்கும் மருந்து அன்று நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவிலேயே 1996-ல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. அன்று முதலமைச்சருக்கே கிடைக்காத சிகிச்சை இன்று திருச்சி போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் சாதாரண மக்களுக்கும் கிடைக்கிறது. முக்கிய நிபந்தனை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அந்த ஊசி போடப்பட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து போகும் நமக்கு வழியிலேயே நேரம் கரைந்துவிடும். வீட்டில் வீணாக்க ஒரு நிமிடமும் இல்லை.

அறிகுறிகள் எளியவை. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்கும். பேச்சு குழறும், அல்லது நாம் சொல்வது அவருக்குப் புரியாது. திடீரென்று பார்வை மங்குவதும், நடை தள்ளாடுவதும், தாங்க முடியாத தலைவலியும் அறிகுறிகளே. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-க்கு அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

புறா ரத்தம் தடவுவது, வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுப்பது, விடியட்டும் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்குப் புரையேறிவிடும். துஆ செய்வோம், ஆம்புலன்ஸில் ஏறியபடியே செய்வோம்.

நம் ஊரில் பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பெரியவர்களைக் கவனிப்பது பெண்கள்தான். ஆகவே இந்த அறிகுறிகளை முதலில் அறிய வேண்டியவர்களும் அவர்களே. வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களும் பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாதத்துக்கு மிகப் பெரிய காரணம் உயர் ரத்த அழுத்தம். அது பெரும்பாலும் எந்த வலியும் தராது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை மாற்றுவது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைப்போம். புகையை விடுவோம். தினமும் அரை மணி நேரம் நடப்போம்.

இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே நம் வீட்டுப் பெரியவர்களின் பிரஷரைப் பார்த்துவிடுவோம்.