விலையின்றிப் பெற்ற இசை

உலகின் பல பல்கலைக்கழகங்களில் பியானோ இசைத் தொடர்கள் நடத்தப்படுகின்றன. வெளியூரிலிருந்து வரும் பெரிய கலைஞர் ஒருவர் தனியே மேடையேறி வாசிப்பார். அதையொட்டி இளையோருக்கான போட்டியும் நடைபெறும். இப்படி ஒரே கலைஞர் முழு நிகழ்ச்சியையும் தனியாக வாசிக்கும் வழக்கத்தை உலகில் பரவச் செய்தவர் பிரான்ஸ் லிஸ்ட் என்னும் இசைமேதை. போட்டியும் கைதட்டலும் அவருக்குப் பழகிப்போனவை. தாம் பெற்ற கொடையை அவர் என்ன செய்தார் என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

லிஸ்ட் 1811ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், அன்றைய ஹங்கேரி அரசின் ரைடிங் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆஸ்திரியாவில் உள்ளது. தந்தை ஆதாம், எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தின் பண்ணை அலுவலர். மகனுக்கு முதலில் பியானோ கற்றுக்கொடுத்தவரும் அவரே. 1820இல் சிறுவனின் வாசிப்பைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர், அவனது படிப்புக்கு உதவித்தொகை தர முன்வந்தனர். குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பீத்தோவனின் மாணவரான கார்ல் செர்னி அவனுக்குக் கற்பித்தார். தந்தை கட்டணம் கொடுக்க வந்தபோது, செர்னி அதை வாங்க மறுத்துவிட்டார். முதியவரான சாலியெரியும் பணம் பெறாமலே இசையமைப்பின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்.

எல்லாக் கதவுகளும் இப்படித் திறந்துவிடவில்லை. 1823இல் பாரிஸ் சென்றபோது, வெளிநாட்டவன் என்ற காரணத்தால் அந்நகரின் புகழ்பெற்ற இசைக்கல்லூரி அவனைச் சேர்க்க மறுத்தது. அப்போது அவனுக்கு வயது 12. 1827இல் தந்தை இறந்தார். 15 வயது மகன் வீடு வீடாகச் சென்று பியானோ கற்பித்துத் தாயைக் காப்பாற்றினான். குருமடத்தில் சேரும் ஆவல் அந்நாள்களில் அவன் உள்ளத்தில் எழுந்தது. தாய் அதற்கு இசையவில்லை.

காலப்போக்கில் லிஸ்டின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. 1837இல் தால்பெர்க் என்ற மற்றொரு பெரும் கலைஞருடன் அவர் ஒரே மேடையில் வாசித்தார். யார் சிறந்தவர் என்று பாரிஸ் நகரமே வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் போட்டியில் திரண்ட பணம், நாடிழந்து தவித்த இத்தாலிய அகதிகளுக்குச் சென்றது. 1838இல் தன்யூப் ஆறு பெருக்கெடுத்துப் பெஸ்ட் நகரை மூழ்கடித்தது. வெனிஸில் இருந்த லிஸ்ட் செய்தி அறிந்ததும் வியன்னாவுக்கு விரைந்து, வெள்ளத்தில் வீடிழந்தோருக்காகக் கச்சேரிகள் செய்தார். பீத்தோவனுக்குப் பான் நகரில் சிலை எழுப்பப் பணம் போதாதபோது, பெருந்தொகை கொடுத்து உதவினார். அச்சிலை 1845இல் திறக்கப்பட்டது.

1847ஆம் ஆண்டு செப்டம்பரில், இன்றைய உக்ரைனில் உள்ள எலிசவெத்கிராத் நகரில் அவர் ஒரு கச்சேரி செய்தார். அப்போது வயது 35, புகழின் உச்சி. அதற்குப் பிறகு தம் சொந்த வருவாய்க்காக அவர் மேடை ஏறவே இல்லை. வைமார் நகரில் தங்கிப் பிறருடைய படைப்புகளை அரங்கேற்றினார். வாக்னரின் லோஹென்கிரின் இசைநாடகம் 1850இல் அவரது முயற்சியால்தான் முதன்முதலாக மேடை கண்டது.

அவரைப் புனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. மேரி தகூல் என்னும் பெண்மணியோடு திருமணமின்றி வாழ்ந்து மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானவர் அவர். பயணமே வாழ்க்கையாக இருந்ததால் அப்பிள்ளைகளோடு அதிகம் இருக்கவும் இல்லை. பின்னர் கரோலின் என்ற இளவரசியை மணக்க விரும்பினார். 1861இல் உரோமையில் நடக்கவிருந்த அத்திருமணம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. மகன் டேனியல் 1859இல் 20 வயதில் இறந்தான். மூத்த மகள் பிளாந்தீன் 1862இல் இறந்தாள்.

உடைந்த உள்ளத்தோடு 1863இல் அவர் உரோமையின் மோந்தே மாரியோ குன்றில் இருந்த செபமாலை அன்னை துறவு இல்லத்தில் ஓர் அறையில் தங்கினார். திருத்தந்தை 9ஆம் பத்திநாதரே அங்கு வந்து அவரது வாசிப்பைக் கேட்டார். 1865இல் லிஸ்ட் திருச்சபையின் சிறு பட்டங்கள் நான்கையும் பெற்றார். அவர் குருவாகவில்லை, ஆனால் அன்றுமுதல் குருக்களின் கறுப்பு அங்கியை அணிந்தார். இதையும் நாடகம் என்று பலர் எள்ளினர். அவரோ தொடர்ந்து திருப்பலிக்கும் செபத்துக்கும் இசை அமைத்துக்கொண்டிருந்தார். அவர் எழுதி முடித்த சிலுவைப்பாதை இசையை வெளியிட அன்று பதிப்பகத்தார் முன்வரவில்லை. அது முதன்முதலாகப் பாடப்பட்டது 1929ஆம் ஆண்டில், அவர் இறந்து 43 ஆண்டுகளுக்குப் பின்.

இறுதி ஆண்டுகளில் உரோமை, வைமார், புடாபெஸ்ட் ஆகிய மூன்று நகரங்களுக்கும் மாறி மாறிச் சென்றார். பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். வகுப்பில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். ஒருவரிடமும் அவர் கட்டணம் வாங்கவில்லை. 1875இல் புடாபெஸ்டில் தொடங்கப்பட்ட இசைக்கழகத்தின் முதல் தலைவர் அவரே. சிறுவயதில் இசைக்கல்லூரியின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர், ஓர் இசைக்கல்லூரியின் வாசலைப் பிறருக்குத் திறந்துவைத்தார்! இன்று அது அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம். அவர் பெயரால் பியானோ போட்டி ஒன்றும் 1933இல் அந்நகரில் நடத்தப்பட்டது.

1886ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், பேராய்ட் நகரில் நுரையீரல் அழற்சியால் தமது 74ஆம் வயதில் லிஸ்ட் காலமானார்.

அன்பார்ந்தவர்களே, நம் பிள்ளைகளும் பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி, மறைக்கல்விப் போட்டி எனப் பலவற்றில் கலந்துகொள்கிறார்கள். வீடு திரும்பியதும் எந்தப் பரிசு கிடைத்தது என்றுதான் முதலில் கேட்கிறோம். உன் திறமையால் யாருக்குப் பயன் என்று கேட்க மறந்துவிடுகிறோம். அன்று செர்னி வாங்க மறுத்த கட்டணம், லிஸ்டின் வழியாக நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்குக் கல்வியாகத் திரும்பியது. நம் பங்கிலும் ஆர்மோனியமோ கீபோர்டோ கற்க ஆசைப்பட்டு, பணமின்றி ஒதுங்கி நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். கற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரத்தை அந்தப் பிள்ளைக்காக ஒதுக்குவோமா?