ஆல்ஃபிரட் வெர்னர்

நுழையும்முன்

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என வளரும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அவ்வாறு வளர்ந்து, வேதியியலில் புதுவழி கண்ட அறிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் கல்வியும்

ஆல்ஃபிரட் வெர்னர் 1866ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள், பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியிலுள்ள முல்லூஸ் நகரில் பிறந்தார். தந்தை இரும்புத் தொழிலாளர். வெர்னர் சிறு குழந்தையாக இருந்தபோது பிரான்சுக்கும் செருமனிக்கும் போர் மூண்டது. 1871இல் அல்சாஸ் செருமனியின் ஆட்சிக்கு உட்பட்டது. பள்ளியின் மொழி செருமன் ஆயிற்று. வீட்டில் பிரெஞ்சு மொழியே தொடர்ந்து வழங்கியது. இரண்டையும் கற்றுத் தேர்ந்த வெர்னர், பிற்காலத்தில் தம் ஆய்வுகளைப் பெரும்பாலும் செருமன் மொழியில் எழுதினார். பிரெஞ்சின்மீது கொண்ட பற்றையும் விட்டாரல்லர்.

உயர்கல்விக்காக அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் சென்றார். அங்குக் கணிதம் அவருக்கு இடர் தந்தது. கட்டாயக் கணிதத் தேர்வுகளில் அவர் தோல்வியுற்றார். ஆயினும் பொருள்களின் வடிவத்தை மனக்கண்ணால் காணும் ஆற்றல் அவரிடம் மிகுதியாக இருந்தது. 1890இல் முனைவர் பட்டம் பெற்றார். 1893இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பின்னர் அந்நாட்டின் குடியுரிமையையும் பெற்றார்.

விடைகாணா வினா

அக்கால வேதியியலாரைக் கோபால்ட் என்னும் உலோகத்தின் சேர்மங்கள் திகைக்க வைத்தன. கோபால்ட் குளோரைடு தன்னளவில் நிறைவுற்ற சேர்மம். எனினும் அது மேலும் அம்மோனியா மூலக்கூறுகளை ஏற்றுக்கொண்டது. ஆறு அம்மோனியா சேர்ந்தால் மஞ்சள் நிறம். ஐந்து சேர்ந்தால் செவ்வூதா நிறம். நான்கு சேர்ந்தால் பச்சை நிறம்.

இம்மூன்றிலும் ஒரு கோபால்ட்டும் மூன்று குளோரினும் உள்ளன. ஆனால், கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் மஞ்சள் சேர்மத்தில் மூன்று குளோரினும் வீழ்படிவாகின்றன. செவ்வூதாச் சேர்மத்தில் இரண்டும், பச்சைச் சேர்மத்தில் ஒன்றும் மட்டுமே வீழ்படிவாகின்றன. எஞ்சியவை எங்கே மறைந்தன?

டென்மார்க்கு நாட்டின் யோர்கென்சென் என்னும் அறிஞர், அம்மோனியா மூலக்கூறுகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று பற்றியுள்ளன என்றார். இச்சேர்மங்கள் பலவற்றைத் தம் கையால் உருவாக்கிய பெரியவர் அவர். அவருடைய கருத்தை மறுப்பது எளிதன்று.

வெர்னரின் விடை

ஒருநாள் பின்னிரவு இரண்டு மணியளவில் வெர்னர் விழித்தெழுந்தார். விடை அவர் உள்ளத்தில் தெளிவாக நின்றது. உடனே எழுதத் தொடங்கியவர் மாலை ஐந்து மணிவரை எழுதினார் என்பர். அக்கட்டுரை 1893இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

உலோகத்திற்கு இருவகை இணைதிறன்கள் உண்டு என்றார் வெர்னர். முதலாவது, உலோகத்தின் மின்சுமையைக் குறிப்பது. இதனை இன்று ஆக்சிஜனேற்ற எண் என்கிறோம். இரண்டாவது, உலோகத்தை நெருங்கிச் சூழும் ஈனிகளின் எண்ணிக்கை. இஃது அணைவு எண் எனப்படும். இச்சேர்மங்களில் கோபால்ட்டின் அணைவு எண் ஆறு. ஓர் அம்மோனியா நீங்கினால், அவ்விடத்தில் ஒரு குளோரின் அமரும். உள்ளே அமர்ந்த குளோரின் வீழ்படிவாகாது. வெளியே நிற்பதே வீழ்படிவாகும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அம்மோனியாவின் மின்சுமை சுழி. குளோரைடு ஒவ்வொன்றின் மின்சுமை -1.

மஞ்சள்: வெளியே மூன்று குளோரைடு, ஆகவே அணைவு அயனியின் மின்சுமை +3. உள்ளே அம்மோனியா மட்டுமே. கோபால்ட் +3.

செவ்வூதா: வெளியே இரண்டு, அயனியின் மின்சுமை +2. உள்ளே ஒரு குளோரைடு. கோபால்ட்டுடன் -1 சேர்ந்து +2 ஆதல் வேண்டும். கோபால்ட் +3.

பச்சை: வெளியே ஒன்று, அயனியின் மின்சுமை +1. உள்ளே இரண்டு குளோரைடு. கோபால்ட்டுடன் -2 சேர்ந்து +1 ஆதல் வேண்டும். கோபால்ட் +3.

நிறம் மாறியது; வீழ்படிவின் அளவு மாறியது; கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண் மட்டும் மாறவில்லை.

சோதனையும் வெற்றியும்

ஆறு ஈனிகளும் எண்முகியின் ஆறு முனைகளில் நிற்கின்றன என்றும் வெர்னர் கூறினார். அவ்வாறாயின், பச்சைச் சேர்மத்தின் இரு குளோரின்களும் எதிரெதிரே நிற்கலாம், அடுத்தடுத்தும் நிற்கலாம். எனவே அதற்கு மற்றொரு வடிவம் இருந்தாக வேண்டும். அதனை எவரும் கண்டதில்லை. அது கிடைக்காத வரையில் வெர்னரின் கருத்து வெறுங்கற்பனையே எனப் பலர் எண்ணினர்.

வெர்னர் சோர்ந்துவிடவில்லை. பகலிலும் விளக்கு வேண்டிய இருண்ட ஆய்வகத்தில் மாணவர்களுடன் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். பதினான்கு ஆண்டுகள் கடந்தபின், 1907இல், ஊதா நிறத்தில் அம்மற்றொரு வடிவம் கிடைத்தது. யோர்கென்சென் தம் கொள்கையைக் கைவிட்டு வெர்னரின் கருத்தை ஏற்றார். வென்றவரின் உழைப்பைப் போலவே, உண்மைக்குத் தலைவணங்கிய மூத்தவரின் பண்பும் போற்றத்தக்கது.

1913இல் வெர்னருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டவருள் அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. பின்னர் நோயுற்ற அவர், 1919ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் சூரிக் நகரில் மறைந்தார். அணைவுச் சேர்மங்களைக் கற்கும் மாணவர் இன்றும் வெர்னரின் கொள்கையிலிருந்தே தொடங்குகின்றனர்.

சொற்பொருள்

அணைவுச் சேர்மம் – மைய உலோகத்தை ஈனிகள் சூழ்ந்த சேர்மம்
ஈனி – உலோகத்துடன் இணையும் அயனி அல்லது மூலக்கூறு
வீழ்படிவு – கரைசலில் கரையாமல் பிரியும் திண்மம்
எண்முகி – எட்டு முகங்கள் உடைய வடிவம்
சுழி – பூச்சியம்

பயிற்சி

1. வெர்னரின் வீட்டு மொழி எது? பள்ளி மொழி மாறியது ஏன்?
2. 1907ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு யோர்கென்செனின் கருத்தை மாற்றியது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.
3. பிரித்து எழுதுக: விழித்தெழுந்தார், வெறுங்கற்பனை.
4. கணக்கிடுக: பொட்டாசியம் பெர்ரோசயனைடில் நான்கு பொட்டாசியம் அயனிகள் (ஒவ்வொன்றும் +1), ஓர் இரும்பு, ஆறு சயனைடு (ஒவ்வொன்றும் -1) உள்ளன. இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் யாது?