நிலத்தடி நீரை அளந்த ஹென்றி டார்சி

சென்னை மாநகரில் மயிலாப்பூரை அடுத்து மேற்கே அமைந்தது ஆழ்வார்பேட்டை. கடற்கரை அதற்கு அதிகத் தொலைவில் இல்லை. அண்டையிலுள்ள மயிலையில், ஒரு கிணற்றினுள் மலர்ந்த செவ்வல்லிப் பூவில் பேயாழ்வார் தோன்றினார் என்பது வைணவ மரபு. கிணறுகள் அத்துணைச் சிறப்புடன் விளங்கிய நிலப்பகுதி அது. வீட்டின் புழக்கடையில் உறைகிணறு ஒன்று இருப்பதும், அதில் கைக்கெட்டும் ஆழத்தில் நீர் நிற்பதும் முன்னாளில் அங்கு வழக்கமாயிருந்தன. பின்னர் வீடுகள் அடுக்கு மாடிகளாயின, உறைகிணறுகள் தூர்ந்தன, அவற்றின் இடத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு, கட்டடந்தோறும் மழைநீரை நிலத்துள் செலுத்தும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீரளிக்கும் ஏரிகள் வறண்டபோது, மக்கள் தங்கள் காலடியில் உள்ள நீரையே பெரிதும் நம்ப வேண்டியவராயினர்.

ஒரு வீட்டுக் கிணற்றில் ஊறும் நீர் அவ்வீட்டு நீர்தானா? அன்று. நேற்று அது அடுத்த மனையின் அடியில் இருந்திருக்கலாம். நாளை தெருவைக் கடந்து அப்பால் செல்லலாம். மண்ணுள் உள்ள நீர் தேங்கி நிற்பதன்று. மிக மெல்ல நடந்துகொண்டே இருப்பது. அது நடக்கும்போது, வழியில் கலந்த உப்பையும் சாக்கடைக் கசிவையும் உடன் கொண்டு நடக்கிறது. நிலத்தின் நிறமும் மண்ணின் சுவையும் கண்டு, நீர் எங்கே கிடைக்கும் என்று கூறும் கலையை நம் முன்னோர் கூவநூல் என்று வழங்கினர். நீர் இருக்கும் இடத்தைக் காட்டிய அந்நூல், அது மண்ணுள் எவ்வளவு விரைவில் செல்கிறது என்பதை அளந்து கூறவில்லை. அந்த அளவை உலகிற்கு அளித்தவர் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி.

டார்சி 1803ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள டிஜோன் என்னும் நகரில் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயது நிரம்பிய அளவில் தந்தையார் மறைந்தார். குடும்பத்தைத் தாங்க வேண்டிய அன்னையார், மகனின் கல்வி தடைபடலாகாது என்று துணிந்து, கடன் வாங்கி ஆசிரியர்களை அமர்த்திப் படிக்க வைத்தார். அக்கடன் வீண் போகவில்லை. டார்சி 1821ஆம் ஆண்டில் பாரிசு நகரின் புகழ்பெற்ற பல்தொழிற் கல்லூரியில் இடம் பெற்றார்; அதன்பின் பாலங்களும் சாலைகளும் அமைக்கும் கலையைக் கற்பிக்கும் அரசுக் கல்லூரியிலும் பயின்று தேறினார். பெரிய நகரங்களில் பெரும் பதவி தேடிச் செல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் பிறந்த ஊருக்கே அரசுப் பொறியாளராகத் திரும்பி வந்தார்.

டிஜோன் நகரின் நீர்நிலை அக்காலத்தில் இரங்கத்தக்கதாய் இருந்தது. ஆழமில்லாக் கிணறுகளே மக்களுக்குக் கதி. அக்கிணறுகளுக்கு அருகிலேயே கழிவுக் குழிகளும் இருந்தன. ஆதலால் நீர் கலங்கியும் நாறியும் இருந்தது, நோய்க்கும் இடமாயிற்று. நகரின் நடுவே ஆழ்துளைக் கிணறு ஒன்று தோண்டிப் பார்த்தனர். பெரும்பொருள் செலவாயிற்று, ஆனால் ஊருக்குப் போதுமான நீர் கிட்டவில்லை.

இந்நிலையில் இளைஞரான டார்சி, ஊருக்கு வெளியே 12.7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொஸ்வார் என்னும் ஊற்றை நோக்கினார். அவ்வூற்று நகரைவிட உயர்ந்த இடத்தில் இருந்தது. உயர்ந்த இடத்து நீர் தானே தாழ்ந்த இடத்தை நாடி வருமன்றோ? மூடிய கால்வாய் ஒன்றின் வழியாக அந்நீரை நகருக்குக் கொண்டுவரலாம் என்று 1834ஆம் ஆண்டில் அவர் திட்டம் வகுத்தளித்தார். 1840ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஊற்றுநீர் டிஜோன் நகரின் நீர்த்தேக்கத்தை அடைந்தது. அடுத்த நான்காண்டுகளில் 28,000 மீட்டர் நீளமுள்ள குழாய்கள் தெருக்களின் அடியில் பதிக்கப்பட்டன; நூற்றுக்கு மேற்பட்ட பொதுக்குழாய்கள் திறக்கப்பட்டன. இறைக்கும் பொறி ஒன்றுகூட இல்லாமல், சரிவு ஒன்றையே துணையாகக் கொண்டு, நகரம் முழுவதும் நல்ல நீர் பாய்ந்தது. ஐரோப்பாவின் பெருநகரங்கள் பல அதுவரை கண்டிராத வசதி அது.

இப்பெரும்பணிக்கு உரிய ஊதியம் சிறிதன்று. நகராட்சி அதனை வழங்க முன்வந்தபோது டார்சி பெற மறுத்துவிட்டார். தம் இல்லத்திற்கு வாழ்நாள் முழுவதும் கட்டணமின்றி நீர் தருவதாகக் கூறியதை மட்டும் ஏற்றுக்கொண்டார். தெருக்குழாயில் ஏழையும் காசின்றி நீர் பிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு இசைந்த ஊதியம் இதுவே என்று அவர் கருதினார் போலும்.

நகரத்தின் வழியே இருப்புப்பாதை வரவேண்டும் என்பதற்காகவும் அவர் உழைத்தார். பாரிசிலிருந்து லியோன் செல்லும் பாதை டிஜோன் வழியே அமைந்ததில் அவர் பங்கு பெரிது. 1848ஆம் ஆண்டில் பிரான்சில் அரசியற் புரட்சி மூண்டது. அதன் விளைவாக டார்சி தம் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. பின்னர்ப் பாரிசு நகரின் நீருக்கும் சாலைகளுக்கும் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. குழாய்களின் உட்புறம் உராய்வதால் நீரின் விசை எவ்வளவு குறைகிறது என்பதை அங்கு அவர் ஆராய்ந்தார். உடல்நலம் குன்றியமையால் 1855ஆம் ஆண்டில் பதவியைத் துறந்தார். ஆராய்ச்சியைத் தொடர இசைவு பெற்று டிஜோனுக்கு மீண்டார்.

நோயுற்ற உடலோடு ஊர் திரும்பியவர் ஓய்வு கொள்ளவில்லை. நெடுநாளாக ஒரு வினா அவர் உள்ளத்தில் இருந்தது. ஆற்றுநீரைத் தூய்மையாக்க அதனை மணற்படுகையின் வழியே வடிப்பது அக்கால நகரங்களின் வழக்கம். இவ்வளவு நீர் வடிய இவ்வளவு மணற்பரப்பு வேண்டும் என்று கணக்கிட்டுக் கூற ஒருவராலும் இயலவில்லை. ஊருக்கு ஊர் குத்துமதிப்பாகவே வடிகட்டிகளை அமைத்தனர். இக்குறையை நீக்க டார்சி முனைந்தார்.

டிஜோன் மருத்துவமனையின் முற்றத்தில், நிமிர்ந்து நிற்கும் இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தினார். உள்விட்டம் 35 சென்டிமீட்டர். அடியில் சல்லடை இட்டு, அதன்மேல் சோன் ஆற்று மணலை நிரப்பினார். மருத்துவமனைக்கு வரும் குழாயிலிருந்தே நீரை மேலிருந்து செலுத்தினார். மணலின் மேலும் கீழும் நீரின் அழுத்தத்தைப் பாதரசம் நிரம்பிய கருவிகள் காட்டின. கீழே வடிந்த நீர் தொட்டியில் விழுந்து அளக்கப்பட்டது. சார்ல்சு ரித்தேர் என்னும் பொறியாளர் அவருக்குத் துணையாயிருந்தார். மருத்துவமனையில் யாரேனும் வேறொரு குழாயைத் திறந்தாலோ மூடினாலோ, இங்கே பாதரசம் ஆடத் தொடங்கும். ஆடும் அளவைக் குறித்துக்கொண்டு நடுநிலை அளவைக் காண வேண்டும். மணலின் தடிப்பை மாற்றியும், நீரின் அழுத்தத்தை மாற்றியும், 1855ஆம் ஆண்டு இறுதியிலும் 1856ஆம் ஆண்டு தொடக்கத்திலும் இச்சோதனைகள் மீண்டும் மீண்டும் நடைபெற்றன.

கிடைத்த முடிவு வியப்பூட்டும் எளிமை உடையது. மணலின் இருபுறத்து நீர்மட்ட வேறுபாடு இருமடங்கானால், வடியும் நீரும் இருமடங்காகிறது. மணற்படையின் தடிப்பு இருமடங்கானால், வடியும் நீர் பாதியாகிறது. எஞ்சியது மணலின் இயல்பு. பருமணல் நீரை எளிதில் விடும். நுண்மணல் தயங்கி விடும். களிமண்ணோ பெரும்பாலும் விடவே விடாது. இவ்வியல்பை ஓர் எண்ணாகக் குறிக்கலாம் என்று டார்சி காட்டினார். இதுவே டார்சி விதி. டிஜோன் நகரின் பொதுக் குழாய்களைப் பற்றி அவர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலின் இறுதியில், பிற்சேர்க்கைக் குறிப்பாக இவ்விதி இடம்பெற்றது. நூலின் தலைப்பைக் கொண்டு இதனைத் தேடுவோர் ஏமாந்தே போவர்.

குழாயிலுள்ள மணலுக்குப் பொருந்தும் விதி, நிலத்தடி மணலுக்கும் பொருந்தும். மயிலாப்பூரோ ஆழ்வார்பேட்டையோ போன்ற மணற்பாங்கான ஓரிடத்தை எண்ணிக்கொள்க. அங்கு நிலத்தடி நீர்மட்டம் 1000 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் சரிகிறது என்றும், மணலின் கசிவுத்திறன் நாளொன்றுக்கு 10 மீட்டர் என்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் நாளொன்றுக்கு 1 சென்டிமீட்டர் என்று வரும். ஆனால் நீர் மணல்மணிகளினூடே உள்ள இடைவெளியில் மட்டுமே செல்ல இயலும். அவ்விடைவெளி மொத்தத்தில் கால்பங்கு எனின், நீர் உண்மையில் நாளொன்றுக்கு 4 சென்டிமீட்டர் நடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மீட்டர். ஆகவே ஒரு மனையின் கழிவுக் குழியில் இன்று கலந்த உப்பு, 30 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றை ஏறத்தாழ ஈராண்டில் சென்றடையும். இடையில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஓயாது நீர் இறைத்தால், அங்கு நீர்மட்டம் தாழும்; சரிவு மிகும்; கறையும் அதற்கேற்ப விரைந்து வரும்.

கறை ஒரே கோட்டிலும் செல்வதில்லை. மணல்மணிகளைச் சுற்றி வளைந்து வளைந்து செல்லும் நீரின் கிளைகள் பிரிந்தும் கூடியும் போவதால், அது நீளமாகவும் அகலமாகவும் பரவுகிறது. பரவப் பரவச் செறிவு குறைகிறது. அசையா நீரிலும் கரைபொருள் செறிந்த இடத்திலிருந்து செறிவற்ற இடத்திற்குப் பரவும் என்னும் விதியை, செருமானிய அறிஞர் அடால்ஃபு ஃபிக் 1855ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஒருவர் மணலில் நீரை அளந்துகொண்டிருந்த ஆண்டிலேயே, மற்றொருவர் நீரில் உப்பை அளந்துகொண்டிருந்தார். இவ்விரண்டையும் இணைத்தே பிற்காலத்தார் நிலத்தடி மாசின் போக்கைக் கணித்தனர். நிலப்பரப்பைக் கோலப் புள்ளிகள்போல் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் வரும் நீர், போகும் நீர், தங்கும் நீர் ஆகியவற்றை டார்சி விதியால் கணக்கிடுவர். இலட்சக்கணக்கான கட்டங்களைக் கணிப்பொறி நொடியில் கணக்கிட்டுவிடும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பு முறை உலகெங்கும் பரவியது.

தமிழகம் இக்கணக்கின் தேவையைத் துன்பத்தால் உணர்ந்தது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகருக்காகவும் ஆலைகளுக்காகவும் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது. நன்னீரின் மட்டம் தாழ்ந்ததும், கடல்நீர் நிலத்தடியே பல கிலோமீட்டர் உட்புகுந்தது, வயற்கிணறுகள் உவர்ப்பாயின. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலால் கழிவுநீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. இவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார், மேல்பாலாற்றுப் பகுதியிலும் திண்டுக்கல் பகுதியிலும் இத்தகைய மாசு எத்திசையில், எத்தனை ஆண்டுகளில், எவ்வளவு தூரம் செல்லும் என்று கணித்துப் பார்த்தனர். கழிவு விடுவதை நிறுத்திய பின்னும் கறை உடனே மறையாது என்பதும், மெல்ல வந்த மாசு மெல்லவே நீங்கும் என்பதும் இத்தகைய கணிப்புகளால் தெளிவாகின்றன. 2013ஆம் ஆண்டில் வடசென்னைத் தண்டையார்பேட்டையில், மண்ணடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் வீட்டுக் கிணறுகளில் மிதந்தது. குடத்தில் முகந்த நீரில் எண்ணெய் நாறிய அவ்வீட்டாருக்கு, கசிவு எங்கிருந்து வருகிறது, இனி எத்தெருவை அடையும் என்பவையே முதன்மையான வினாக்களாயின.

இவற்றுள் ஒன்றையும் டார்சி அறிந்திலர். தம் விதி வடிகட்டி அமைப்போருக்கும் ஊற்று தேடுவோருக்கும் பயன்படும் என்ற அளவிலேயே அவர் எண்ணியிருத்தல் கூடும். நூல் வெளிவந்த மறு ஆண்டில் பிரெஞ்சு அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அச்சிறப்பை அவர் நெடுநாள் துய்க்கவில்லை. பாரிசு நகருக்குச் சென்றிருந்தபோது நுரையீரல் அழற்சி கண்டு, 1858ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவர் உடல் புகைவண்டியில் டிஜோனுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் போராடிப் பெற்ற இருப்புப்பாதை வழியாகவே அப்பயணம் நிகழ்ந்தது. ஊர்மக்கள் பெருந்திரளாகக் கூடி இறுதி மரியாதை செய்தனர். நகரின் நடுவே, ரொஸ்வார் நீர் வந்து சேர்ந்த தேக்கத்தை ஒட்டியிருந்த சதுக்கத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1880ஆம் ஆண்டில் அத்தேக்கத்தின்மேல் பூங்கா ஒன்று அமைத்து, அதற்கும் டார்சி என்றே பெயரிட்டனர். குழந்தைகள் விளையாடும் அப்புல்வெளியின் அடியில், அவர் கட்டிய நீர்த்தேக்கம் இருக்கிறது.